ராட்டினத்தில் மரமீன்

பின்லாந்தின் லௌரி ரப்பாலா 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த பளபளத் தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசி, தூண்டிலுக்கான தன் பொய்மீனைச் செய்தார். இன்று வீட்டில் மரமீன் செதுக்குகிறவர்களுக்கு அந்தப் பூச்சு வேலையை எபாக்சி செய்கிறது.

எனக்குப் பிடித்தது அது காயும் காட்சி. 'காயும்' என்பதுகூடச் சரியில்லை. ஈரம் போய்க் காய்வதல்ல அது, ரெசினும் ஹார்டனரும் வினைபுரிந்து இறுகுவது. தேன் பதத்தில் இருக்கும் அதைப் பூசி அப்படியே தொங்கவிட்டால் வால் நுனியில் சொட்டாகத் திரண்டுவிடும். அதனால் மோட்டார் பூட்டிய சக்கரத்தில் மீன்களை மாட்டி, திருவிழா ராட்டினம்போல மெல்லச் சுழலவிடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கண்ணின் மேல் வெளிச்சம் வழுக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது. பூசியபின் சூடேற்றினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழாகக் கிளம்பும். ஹார்டனரைக் கூட்டி ஊற்றினால் பிசுபிசுப்புத்தான் மிச்சம். சமையல் ஓவன் பக்கமே போகவேண்டாம். காற்றோட்டமுள்ள, தூசியில்லாத அறை போதும். ஒரு நாளில் தொட்டால் ஒட்டாது. முழு உறுதிக்குப் பல வகைகள் ஒரு வாரம் கேட்கும்.

கையுறை போடுங்கள், இறுகாத எபாக்சி தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். கலந்த மிச்சத்தைக் கிண்ணத்தில் குவியலாக விட்டுப் போகாதீர்கள். தானே சூடேறிப் புகையும்.