மர்ஃபி பாடுகிறது, வீடு இரைகிறது

மெருகேற்றியாயிற்று, ஸ்பீக்கர் துணி மாற்றியாயிற்று, டயல் நூலும் புதிது. தேனியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சில வாரங்களாக இந்த மர்ஃபி ஐந்து வால்வு செட் ஓடிக்கொண்டிருக்கிறது. உதட்டில் விரல் வைத்த குழந்தைப் படத்தோடு நாடெங்கும் போன அதே மர்ஃபிதான். மீடியம் வேவ், ஷார்ட் வேவ், பக்கவாட்டில் ஏரியலுக்கும் எர்த்துக்கும் துளைகள்.

பழுதுபார்ப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் மாற்ற வேண்டியது இ.எல்.84 அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு முன்னால் இருக்கும் பேப்பர் கண்டென்சர். வயதானால் அது கசியும். கசிந்தால் வால்வு தாறுமாறாகக் கரண்ட் இழுத்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எரித்துவிடும். அடுத்து ஃபில்டர் கண்டென்சர்கள். பரணில் பல வருடம் கிடந்த செட்டை நேராக 230 வோல்ட்டில் சொருகவே கூடாது. சீரிஸில் ஒரு குண்டு பல்பு போட்டுத்தான் எழுப்ப வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தால் உள்ளே ஷார்ட். செட்டை அணைத்த பிறகும் கண்டென்சரில் 250 வோல்ட் வரை தேங்கி நிற்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இத்தனையும் முடிந்து செட் அருமையாகப் பாடுகிறது. என்னைப் படாத பாடு படுத்துவது வீடுதான்.

கம்பம் பள்ளத்தாக்கில் இருபுறமும் மலை. பகலில் மீடியம் வேவ் நிலத்தை ஒட்டித்தான் வரும்; தொலைவு நிலையங்கள் எட்டாது. பொழுது சாய்ந்தால் கதை மாறும். பகலில் அலைகளை விழுங்கும் வானத்தின் அடிப்படலம் மறைய, மேலே உள்ள அயனிப் படலத்தில் பட்டுத் திரும்பும் அலைகள் மலைக்கு மேலாக இறங்குகின்றன. 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி, 1053-இல் தூத்துக்குடி. ஆனால் அலைகள் வரும் அதே நேரத்தில்தான் தெருவெல்லாம் எல்.இ.டி. பல்புகள் எரியத் தொடங்குகின்றன. அந்தப் பல்புக்குள்ளும் போன் சார்ஜருக்குள்ளும் உள்ள சர்க்யூட், மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டுகிறது. வெட்டும்போது சிதறுவது வீட்டு ஒயர் வழியாகப் பரவி, மீடியம் வேவ் முழுக்கக் கர்ரென்று இரைகிறது. நல்ல பல்பில் இதைத் தடுக்கும் ஃபில்டர் இருக்கும். மலிவு பல்பில் அதைத்தான் முதலில் மிச்சம் பிடிக்கிறார்கள். குண்டு பல்பு காலத்தில் வடிவமைத்த செட் இதற்கு என்ன செய்யும்?

வழி இருக்கிறது. கையில் ஒரு சின்ன டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்து, ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். குற்றவாளி பல்பு தானே காட்டிக்கொடுக்கும். ஏரியலை வீட்டுக்குள் ஓட்டாமல் மாடியிலிருந்து தென்னை மரத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். தனி எர்த் குழி தோண்டி, காயவிடாமல் தண்ணீர் ஊற்றுங்கள். எங்கள் வீட்டில் இந்த மூன்றும் சேர்ந்த பிறகுதான் செய்தி வாசிப்பவரின் மூச்சுகூடக் கேட்டது. வால்வு வழியாக, மரப்பெட்டிக்குள்ளிருந்து வரும் மனிதக் குரலுக்கு உள்ள கனம், நான் கேட்ட எந்த புளூடூத் ஸ்பீக்கரிலும் இல்லை.

அந்த புளூடூத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தலைக்கு மேலே கொடைக்கானல் மலையிலிருந்து 100.5-இல் கோடை பண்பலை ஒலிக்கிறது. இந்த செட்டில் எஃப்.எம். இல்லை, அதனால் அது வராது. குறைதான். அதற்காகச் சேஸியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வெறும் பெட்டிக்குள் சீன புளூடூத் போர்டைத் திணிப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. இதே பள்ளத்தாக்கில் உள்ள பண்ணைப்புரத்திலிருந்து இளையராஜாவும் சகோதரர்களும் சென்னைக்குக் கிளம்பியபோது, வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்தனுப்பினார் அவர்களுடைய அம்மா. இளையராஜாவே சொன்னது இது. ஒரு வீட்டில் விற்றுக் காசாக்கக்கூடிய பொருளாகவும், பாட்டுக்கு வாசலாகவும் ரேடியோ இருந்த காலம் அது. அதன் உள்ளுறுப்புகள் குப்பைக்குப் போகக் கூடாது.

வாங்கலாமா? வெளியே ஏரியல் கட்ட இடம் இருந்தால் தாராளமாக. அடுக்குமாடியில் நடுத்தளத்தில் இருப்பவர்களுக்கு வேண்டாம். சுற்றியுள்ள வீட்டு பல்புகளை அணைக்க உங்களால் முடியாது. வாங்கினால் கண்டென்சருக்கு ஒதுக்கும் காசோடு, இரையாத நல்ல பல்புகளுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள்.