தெய்வம் ஊதவில்லை!

"தெய்வீக வாசிப்பு!" - திருவாவடுதுறை இராசரத்தினத்தின் (1898-1956) தோடியைக் கேட்டவர் வாயில் முதலில் வரும் சொல் இது. புகழ்ச்சி என்றெண்ணியே சொல்கின்றனர். ஊதியவரின் உழைப்பை எடுத்துக் கோயில் உண்டியலில் போடும் வேலையன்றோ இது!

தோழர்களே, நாகசுரத்தைக் கையிலெடுத்துப் பாருங்கள். விரல் வைத்து வாசிக்க ஏழே துளைகள். ஆர்மோனியம் போல் அழுத்தினால் பேசும் கட்டை எதுவும் அதில் இல்லை. தோடியின் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்கும் சுரமன்று. அசைவுதான் அதன் உயிர். அசையாத் துளையிலிருந்து அசையும் சுரத்தை எழுப்பவேண்டும். விரல் துளையை முழுதும் மூடாமல் தழுவவேண்டும். அதே நொடியில் உதடு சீவாளியை இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். மூச்சு இரண்டுக்கும் ஈடுகொடுக்கவேண்டும். மயிரிழை பிசகினால் தோடி தொலைந்தது! இம்மூன்றையும் இணைத்தது அருளா, ஆண்டுக்கணக்கான சாதகமா?

முன்னாளில் பெருவழக்காயிருந்தது திமிரி. குட்டைக் குழல், உச்சச் சுருதி, வீதியில் ஊதினால் ஊர்க்கோடிக்குக் கேட்கும். வாய்ப்பாட்டும் பயின்றவரான இராசரத்தினம், மிடறு போலக் குழலும் குழையவேண்டுமென விரும்பினார். நரசிங்கன்பேட்டை அரங்கநாதன் ஆசாரி ஆச்சாமரத்தில் கடைந்து தந்த நீண்ட பாரி நாகசுரம் அதற்கு வழிசெய்தது. தாழ்ந்த சுருதி, கனிந்த நாதம். அவ்வூர் நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெய்வீகம் பேசுவோர் அந்த ஆசாரியின் உளியை எந்தக் கணக்கில் எழுதுவர்?

இனி, வேகம். பிருகாக்களை அள்ளி வீசிக் கைதட்டல் வாங்குவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அவர்களிடம் விரல் ஓடும், இராகம் பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும். இராசரத்தினத்தின் பிருகா மின்னலாய்ப் பாய்ந்தாலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே தெளிந்து கேட்கும். பாய்ந்து முடிந்த இடத்தில் நீண்டதொரு கார்வை நிற்கும். என்னைக் கேட்டால், அந்த வேகத்தைவிட இந்தக் கார்வையே அரிது என்பேன். விரலை ஓட்டப் பழகியவர் பலர். நிறுத்தத் தெரிந்தவர் சிலர்.

நாகசுரக்காரர் சட்டை அணியலாகாது, துண்டை இடுப்பில் கட்டவேண்டும், நின்றும் நடந்துமே ஊதவேண்டும் - இது பழைய மரபு. இவரோ கிராப்பு வைத்தார், சட்டை அணிந்தார், மேடையில் அமர்ந்து வாசித்தார். செருக்கர் என்றது ஊர். குழலில் தெய்வம் பேசுகிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள்தாம், அந்தத் தெய்வம் உட்கார இடம் கேட்டபோது முகம் சுளித்தார்கள்!