திசைச்சொல்லும் திரைச்சொல்லும்

பேராக் மாநிலத்துக் கடற்கரையில், பங்கோர்த் தீவுக்குப் படகேறும் துறையாக அமைந்த ஊர் லூமுட். மலாய் மொழியில் அச்சொல் பாசியைக் குறிக்கும். தமிழர் அதனைப் 'பாசித்துறை' என மொழிபெயர்த்துக் கொண்டாரல்லர். காதில் விழுந்தவாறே வழங்கினர். இலக்கணம் வல்லார் இப்பெயரை நோக்கின் இருமுறை முகஞ்சுளிப்பர். லகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது. டகர மெய்யோ ஈறாகாது. ஆயினும் பேச்சு வழக்கு தன் பிழையைத் தானே ஓரளவு திருத்திக்கொள்கிறது. 'லூமுட்டுக்குப் போகிறேன்', 'லூமுட்டில் இறங்கினான்' என்று சொல்லும்போது டகரம் இரட்டித்து உருபேற்று, 'வீட்டுக்கு', 'காட்டில்' என்பவற்றோடு ஒருநிரையாய் நின்றுவிடுகிறது. முதலெழுத்துக்கு முன் இகரம் சேர்த்து 'இலூமுட்' என்று சொல்வாரை மட்டும் எங்கும் காண இயலாது.

இவ்வூர்ப் பெயரைப் போலவே டகர மெய்யில் முடியும் தலைப்போடு 2015-ஆம் ஆண்டில் மலேசியாவில் ஒரு தமிழ்ப் படம் வெளிவந்தது. சஞ்சை குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' என்பது அது. கெட்ட, தீய என்னும் பொருளுடைய 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல்லின் ஹகரம், மலேசியத் தமிழர் நாவில் ககரமாய்த் திரிந்தமையால் பிறந்த வடிவம் இது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர் குடும்பங்கள் நகரோரப் புறம்போக்குகளுக்குப் பெயர்ந்த காலத்தில், அப்போய் என்னும் குறும்புச் சிறுவன் வளர்வதைப் படம் காட்டுகிறது. கண்டிப்பான தந்தை ஒருபுறம். அடிதடிக் கூட்டத்தைச் சேர்ந்த சிற்றப்பன் மறுபுறம். 2016-இல் நடந்த 28-ஆம் மலேசியத் திரைப்பட விழாவில் இப்படம் சிறந்த மலேசியப் படத்துக்குரிய விருதைப் பெற்றது. தேசிய மொழியில் அமையாத படங்களை வேறு வரிசையில் நிறுத்திய முந்தைய ஏற்பாடு, கடுங்கண்டனத்துக்கு உள்ளாகி மாற்றப்பட்ட பின்னரே அது நிகழ்ந்தது.

தமிழ்ப் படத்துக்கு மலாய்ப் பெயர் எதற்கு என்னும் வினா தமிழாசிரியர் உள்ளத்தில் எழுதல் இயல்பே. கெட்டவன், தீயவன், போக்கிரி, அடங்காப்பிடாரி எனத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இதற்குப் பத்தாண்டு முன்னர், 2005-இல், தீபக் குமாரன் மேனன் இயக்கிய தோட்டப்புறப் படத்துக்குச் 'செம்மண் சாலை' என்ற நல்ல தமிழ்ப் பெயர் வாய்த்ததே! பின்வந்தவர் அவ்வழியை ஏன் விட்டார்?

விடை காண்பதற்குப் படக்கதை நூல்களை ஒருகணம் நோக்குதல் நலம். பள்ளிப் பிள்ளைகள் பாடப் புத்தகத்துக்கு நடுவே ஒளித்து வைத்துப் படிப்பவை என்று அவற்றை இகழ்வாருண்டு. ஆயின் பிறமொழிப் பெயரைத் தமிழ்ப் பெயராக்கும் கலையில் அவை காட்டிய துணிவு, அறிஞர் குழுக்கள் பலவற்றிலும் காணக் கிடைப்பதன்று. 1962-இல் பிரிட்டானிய வார இதழ் ஒன்றில் தோன்றிய படக்கதைத் தலைவன் ஒருவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். ஆங்கிலப் பெயர் உகிரையோ கொடுக்கையோ நினைவூட்டும் உலோகப் பெயர். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழை வெளியிட்டபோது, அவன் 'இரும்புக்கை மாயாவி' ஆனான். கொடுக்கு போயிற்று, மூலப் பெயரில் இல்லாத மறையும் ஆற்றல் பெயருக்குள் வந்தது. பாட்டியர் சொன்ன கதைகளில் ஏழு கடல் தாண்டி வாழ்ந்த மாயாவிகளின் சுற்றத்தானாகவே இலண்டன் நகரத்து ஆள் தமிழ்ப் பிள்ளைகளிடம் அறிமுகமானான். பின்னர் லயன் காமிக்ஸில் வந்த இயந்திர மனிதன் 'சட்டித்தலையன் ஆர்ச்சி'யானதும் இவ்வகைப்பட்டதே. தலையின் வடிவைக் கண்டு அடுக்களையிலிருந்து ஒரு சொல்லை எடுத்து ஒட்டிவிட்டார்கள்! 'இயந்திர மனிதன் ஆர்ச்சி' என்று பெயர்த்திருந்தால் இன்று எவரும் நினைவில் வைத்திரார்.

எனவே தமிழாக்கம் வெல்லும் இடம் உண்டு. அயலான் ஒருவனை நம் வீட்டுக்குள் அழைத்துவரும்போது, நாம் அவனுக்குப் பெயர் இடுகிறோம்; அப்பெயர் தமிழாயிருத்தலே தகும். 'ஜகாட்' இதற்கு நேர்மாறானது. இங்கே நம் வீட்டுப் பிள்ளைக்கு அயலார் பெயர் இடுகின்றனர். 'கெட்டவன்' என்பது தாயோ பாட்டியோ கோபத்தில் வைது, மாலையில் சோறிட்டு மறந்துவிடக்கூடிய சொல். 'ஜகாட்' என்பதோ ஆட்சி மொழியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட முத்திரை. அதன் கொடுமை பொருளில் மட்டும் இல்லை. எந்த மொழியில் சொல்லப்படுகிறது என்பதிலும் இருக்கிறது. அதனைத் தமிழாக்கினால், யார் அச்சிறுவனுக்குத் தீர்ப்பு எழுதினார் என்னும் செய்தி மறைந்துவிடும். அதே சொல்லைத் தமிழர் தம் நாவால் திரித்து, தம் பிள்ளைகளையே அதனால் சுட்டத் தலைப்பட்டனர் என்பதும் ககர ஒலியில் அடங்கியுள்ளது. இவ்வளவையும் ஒரே சொல்லில் சொல்லும் தலைப்புக்கு மாற்று எளிதில் அமையாது.

இலக்கணம் இதற்கு இடந்தருமா எனில், தரும். தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், வடசொல் ஆகியவற்றோடு திசைச்சொல்லையும் செய்யுளுக்குரிய சொல்லாகவே எண்ணினார். நன்னூலார், செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களோடு நில்லாது, பதினெண் மொழி நிலங்களுள் தமிழ் ஒழிந்தவற்றின் சொற்களையும் அவ்வகையில் அடக்கினார். அப்பதினெட்டையும் எண்ணிக் காட்டும் பழம்பாட்டொன்று உரைகளில் எடுத்தாளப்படுகிறது. அதில் சிங்களம், சீனம் முதலியவற்றோடு சாவகமும் கடாரமும் இடம்பெறுகின்றன! கடாரம் இன்றைய கெடா. பேராக்குக்கு வடக்கே அடுத்த மாநிலம் அது. மலாய் மண்ணின் சொல்லுக்குத் தமிழ் இலக்கணம் வாயில் திறந்து வைத்துப் பல நூற்றாண்டுகள் ஆயின.

அவ்வாயில் வழியே வந்தவை பல. ரப்பரைக் கித்தா என்றும், பால் வடியும் கிண்ணத்தை மங்கு என்றும், எழுத்தரைக் கிராணி என்றும், பிரம்பை ரோத்தான் என்றும் தோட்டத் தமிழர் வழங்கினர். இவற்றுள் கிராணி போன்றவை மலாய்க்கே பிறமொழிகள் தந்தவை. வைகறையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு ஆங்கிலத்திலிருந்து வந்தது. மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனையும் அடுக்கு வீடுகளும் எழுந்த இடங்களில் பெரட்டும் இல்லை, மங்கும் இல்லை. பொருள் போனால் சொல்லும் போகும். கட்டுரை ஏட்டில் இச்சொற்களைச் சிவப்பு மையால் சுழிப்பது அவற்றின் போக்கை விரைவுபடுத்தும். இதற்கிடையே, சென்னைப் படங்களின் உரையாடல் வழியே தேவையின்றி வந்து குவியும் ஆங்கிலம் பிள்ளைகள் வாயில் தடையின்றி நடமாடுகிறது. நெற்றி வியர்வையோடு வந்த சொல்லுக்குத் தண்டனையும், அரங்க விளக்கொளியில் வந்த சொல்லுக்கு வரவேற்பும் என்றால், முறை பிறழ்ந்தது எனலாம்.

'ஜகாட்' படத்திலும் குறை உண்டு. அதில் ஓங்கி ஒலிப்பது ஆடவர் மொழியே. பால்வெட்டுக் காடுகளில் பாதிச் சுமையைத் தாங்கிய பெண்டிரின் பேச்சு, அதன் பழமொழியும் வசையும் ஏச்சும், செவிக்குப் போதிய அளவு கிட்டவில்லை.

படமும் படக்கதையும் ஊர்மொழியும் ஒன்றுகூடிய இடம் பேராக்கிலேயே உண்டு. ஆனால் அது தமிழில் அமைந்ததன்று. 1951-இல் பேராக்கில் பிறந்த ஓவியர் லாட், தம் இளமைக்கால ஊரை 1979-இல் 'கம்போங் பாய்' என்னும் நூலாக வரைந்தார். 1981-இல் வந்த 'டவுன் பாய்' ஈப்போ நகரத்துப் பள்ளிப் பருவத்தைச் சொல்கிறது. முதல் நூலின் தலைப்பே பாதி மலாய், பாதி ஆங்கிலம். உலக மொழிகள் பலவற்றில் அந்நூல் பெயர்க்கப்பட்ட பின்னரும், கலப்புத் தலைப்பு அதற்கு இழுக்கைத் தரவில்லை. ஊரின் மணத்தையே தந்தது.

இந்நூலைத் தமிழில் பெயர்க்கப் புகுவார்க்குத் தலைப்பிலேயே சோதனை காத்திருக்கிறது. 'சிற்றூர்ச் சிறுவன்' எனின் பிழையில்லை, உயிருமில்லை. மலேசியத் தமிழர் கம்போங்கைக் 'கம்பம்' என்பர். அவ்வழக்கின்படி 'கம்பத்துப் பையன்' என எழுதினால், லூமுட்டில் படிப்பவர் சிரித்துக்கொண்டே கையில் எடுப்பார். தேனிப் பக்கத்தில் படிப்பவரோ, பையன் தம் மாவட்டத்துக் கம்பம் நகரத்துக்காரன் என்று எண்ணிக்கொள்வார்.