வியப்பும் விரிவும்

வெளிநாட்டுப் பயணம் மனத்தை விரிக்கிறது, முன்பின் அறியாதவரைச் சந்திப்பது வாழ்க்கை நோக்கையே மாற்றிவிடுகிறது என்ற நம்பிக்கை, தமிழ்ப் பயண நூல்களின் முன்னுரைகளில் கடவுள் வாழ்த்துக்குரிய இடத்தைப் பெற்றுவிட்டது. பயண எழுத்தில் குறை காண்போருக்கு அதன் ஆதரவாளர்கள் தரும் மறுமொழியும் இதுவே: நடை தளர்ந்திருக்கலாம், தகவல் பிழைபட்டிருக்கலாம், ஆயினும் எழுதியவர் வேறு மனிதராகத் திரும்பியிருக்கிறார் என்பர். ஆய்வுக்குரியது இந்த மறுமொழிதான். ஏனெனில் மாற்றம் நிகழ்ந்ததாகப் பெரும்பாலான நூல்கள் அறிவிக்கின்றனவே தவிர, அது எவ்விடத்தில், எவரால், எதனால் நிகழ்ந்தது என்பதைக் காட்டுவதில்லை.

இவ்வகை எழுத்தின் பயன்களை மறுப்பதற்கில்லை. 1940இல் வெளிவந்த ஏ.கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' ஆரவாரமற்ற எளிய உரைநடைக்கு ஒரு முன்மாதிரி; ஜப்பான் பயணத்தைக் கூறும் தி. ஜானகிராமனின் 'உதயசூரியன்' ஒரு நாவலாசிரியரின் கண் எவற்றையெல்லாம் கவனிக்கும் என்பதற்குச் சான்று. கப்பலேற வாய்ப்பில்லாத வாசகர்களுக்கு உலகை அறிமுகப்படுத்திய தொண்டும் இவ்வெழுத்துக்கு உண்டு.

ஆனால் இந்நூல்களில் வரும் அந்நியர் யார் என்று கேட்டவுடன் அடிப்படைக் குறை வெளிப்படுகிறது. வாடகைக் கார் ஓட்டுநர், விடுதிப் பணியாளர், சுற்றுலா வழிகாட்டி, வழி கேட்டபோது உடன் நடந்து வந்த முதியவர் ஆகியோரே திரும்பத் திரும்ப வருகின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் பயணியிடம் இனிமையாகப் பேசுவதற்கே ஊதியம் பெறுபவர்கள். எஞ்சியோர் சில நிமிடங்களில் பிரிந்துவிடுபவர்கள். பயணியை மறுத்துப் பேசவோ, அவரோடு சினம் கொள்ளவோ, அவரது எண்ணம் தவறு என்று நிறுவவோ இவர்களுக்கு நேரமும் இல்லை, உரிமையும் இல்லை. அந்த இனிமையை ஒரு நாட்டின் பண்பாகவும், அதனால் பெற்ற மகிழ்ச்சியைத் தம் மனத்தின் விரிவாகவும் எழுத்தாளர் பதிவு செய்துவிடுகிறார்.

சமூக உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் வெளியிட்ட நூலில், மாறுபட்ட குழுவினர் நேரில் பழகும்போது தப்பெண்ணம், அதாவது போதிய சான்றின்றி ஒரு குழுவினர்மீது கொள்ளும் பகையெண்ணம், எந்நிலையில் குறையும் என்பதை ஆராய்ந்தார். இருவரும் சமநிலையில் இருத்தல், பொதுவான குறிக்கோள், அதற்காகக் கூடி உழைத்தல், சட்டம் அல்லது வழக்கத்தின் ஆதரவு ஆகிய நான்கையும் அவர் வலியுறுத்தினார். சுற்றுலாப் பயணிக்கும் அவரது பெட்டியைச் சுமப்பவருக்கும் இடையே முதல் மூன்றும் இல்லை என்பதை விளக்க வேண்டியதில்லை.

பயணம் தப்பெண்ணத்தை அழிக்கும் என்போர் வழக்கமாகத் துணைக்கு அழைக்கும் மார்க் ட்வைனின் நூலே அவர்களுக்கு எதிரான சாட்சி. 1867இல் மேற்கொண்ட கப்பல் பயணத்தைப் பற்றி 1869இல் வெளிவந்த அந்நூலின் முடிவுரை அக்கருத்தைக் கூறுகிறது. முடிவுரைக்கு முந்தைய இயல்களோ பாலஸ்தீனத்து எளிய மக்களை இழிவுபடுத்தும் வருணனைகளைத் தாங்கி நிற்கின்றன.

உண்மையான மாற்றம் வேறு வழியில் வருகிறது. 1888இல் இலண்டன் சென்ற காந்தி ஏறத்தாழ மூன்றாண்டுகள் அங்கே வாழ்ந்தார். பிரம்மஞான சபையைச் சார்ந்த இருவர் கேட்டதன் பேரிலேயே பகவத்கீதையை முதன்முதலாக, அதுவும் எட்வின் ஆர்னால்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில், படித்தார். சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவில், கருத்தடையை ஆதரித்த டாக்டர் ஆலின்சனை நீக்கும் முயற்சி நடந்தபோது, அவரது கருத்தை ஏற்காத காந்தி அவரது உறுப்புரிமைக்காக வாதிட்டுத் தோற்றார். அந்நியரோடு உடன்படவும் முரண்படவும் தோற்கவும் இடமிருந்த இத்தகைய பழக்கமே நோக்கை மாற்றும் ஆற்றல் உடையது. செட்டியாரின் பயணங்களுள் மிகச் செறிவானதும் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகப் படச்சுருள் தேடி நாடு நாடாக அலைந்ததே; அங்கே அவர் ஊர் பார்க்க வந்தவரல்லர், பிறர் உதவியின்றிப் பணியை முடிக்க இயலாதவர்.

காட்சியிலிருந்து காட்சிக்கு விரையும் பயண நூல் இத்தகைய சார்புநிலையை முற்றிலும் தவிர்க்கிறது. பயணி புறப்படும்போது கொண்டிருந்த எண்ணங்களோடு அங்கே தெருக்களின் தூய்மையும் இரயில்களின் நேரந்தவறாமையும் சேர்கின்றன. அவற்றைக் கொண்டு சொந்த ஊரைக் குறை கூறுவதே புதிய நோக்கு எனப்படுகிறது. வளம்மிக்க நகரத்தின் முன் பணிவும் வறிய நகரத்தின் முன் இரக்கமும் கொள்பவர் உலகைத் தரவரிசைப்படுத்தியவரே அன்றி, அதை அறிந்தவர் ஆகார்.

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடல் (192) இந்நூல்களுக்கெல்லாம் அணிந்துரை போல் எடுத்தாளப்படுகிறது. ஆனால் எல்லா ஊரும் நம் ஊரே என்னும் அதன் தொடக்கத்தோடு நின்றுவிடுகின்றனர். பெருமை உடையவர் முன் மலைத்து நிற்பதையும், அதைவிட உறுதியாக, எளியவரைத் தாழ்வாக எண்ணுவதையும் விலக்கும் தெளிவில் அப்பாடல் முடிகிறது. எல்லா ஊரையும் தன் ஊராகக் கொள்வதற்கு அத்தெளிவே விலை. அதைக் கொடாமல் தொடக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் நூல் எத்தனை நாடுகளைக் கடந்தாலும், அதில் ஓர் அந்நியரேனும் எழுத்தாளரைத் திருத்தியிராவிடில், அப்பயணம் இன்னும் தொடங்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.