குற்றம் வாக்குச்சீட்டில் இல்லை

2025 செப்டம்பர் 27 அன்று ரஸ்ஸல் நெல்சன் தமது 101-ஆம் வயதில் இறந்தார். அக்டோபர் 14 அன்று 93 வயதான டாலின் ஓக்ஸ் அவருடைய இடத்துக்கு வந்தார். இடையில் 17 நாள். அணி பிரியவில்லை, போஸ்டர் ஒட்டவில்லை, யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. உலகம் மார்மன்கள் என்று அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் தலைமை இப்படித்தான் கைமாறுகிறது. பேராயத் தேர்தல்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன நம் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) நண்பர்கள் சிலர் இதை ஏக்கத்தோடு பேசுகிறார்கள். எலக்‌ஷனே வேண்டாம், சீனியாரிட்டி போதும், ஆண்டவர் வைத்தவர் ஆயுள் உள்ளவரை இருக்கட்டும் என்பது அவர்கள் வாதம். அவர்களுடைய அலுப்பு எனக்குப் புரிகிறது. அவர்கள் சொல்லும் மருந்து நோயைவிடக் கொடியது என்று நினைக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்மன் சபையில் யாரும் பதவிக்கு மனுப் போடுவதில்லை. ஆசைப்பட்டுக் கேட்பதே தகுதிக் குறைவு. வட்டாரச் சபையை நடத்தும் பிஷப் சம்பளம் வாங்காதவர். தமக்கென்று ஒரு வேலையோ வியாபாரமோ வைத்திருப்பவர். சுமார் 5 ஆண்டு பொறுப்பைச் சுமந்துவிட்டு இறங்கி, மறுவாரமே மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார். பல வட்டாரங்களுக்கு மேலே இருக்கும் ஸ்டேக் தலைவருக்குச் சுமார் 9 ஆண்டு, மிஷன் தலைவருக்கு 3 ஆண்டு. நம் பாஸ்டரேட் எனும் போதக வட்டத்தில் செயலர், பொருளர் பதவிகளை ஒரே குடும்பம் கையில் வைத்திருப்பதைக் கண்டவர்களுக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. ஆனால் நம்மவர்கள் மெச்சுவது இந்தக் கீழ்ப்படியை அல்ல, உச்சியை. கோளாறு அங்கேதான்.

உச்சியில் 15 பேர்: தலைவர், அவருடைய இரு ஆலோசகர்கள், பன்னிரு அப்போஸ்தலர்கள். தலைவர் இறந்தால், அப்போஸ்தலராக அதிக காலம் இருந்தவர் தலைவராகிறார். ரேஷன் கடை வரிசைபோல முன்னால் நிற்பவருக்கு முதலில். ஆனால் இந்த வரிசையில் யார் நிற்கலாம் என்பதை முடிவு செய்வது வரிசையின் தலையில் நிற்பவரே. புதிய அப்போஸ்தலரைத் தலைவர் அழைக்கிறார்; மாநாட்டில் பெயர் வாசிக்கப்படுகிறது; மக்கள் கை உயர்த்தி ஆதரிக்கிறார்கள். எதிர்ப்பவரும் கை உயர்த்தலாம். அந்தக் கை எதையும் மாற்றுவதில்லை.

இதன் பொருளை 1984-இல் பாருங்கள். அந்த ஏப்ரல் மாநாட்டில் இரண்டு பெயர்கள் அறிவிக்கப்பட்டன. ஒருவர் இதய அறுவை மருத்துவர் நெல்சன். ஏப்ரல் 12-இல் அபிஷேகம் பெற்றார். மற்றவர் யூட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி ஓக்ஸ். மே 3-இல் பெற்றார். நெல்சன் முன், ஓக்ஸ் பின் என்று அன்றே வரிசை விழுந்துவிட்டது. அப்போதைய தலைவர் ஸ்பென்சர் கிம்பல் நோயில் தளர்ந்திருந்தார். அன்றாடப் பொறுப்பை ஆலோசகர் கார்டன் ஹிங்க்லி சுமந்தார். நோயுற்ற ஒரு தலைவரின் காலத்தில் விழுந்த அந்த வரிசைதான் 2018-இலும் 2025-இலும் சபைக்குத் தலைவரைத் தந்தது. இன்று அந்தச் சபையில் இருக்கும் 30 வயது இளைஞனின் தலைவர் யார் என்பது அவன் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது. ஆயுளும் நாட்காட்டியும் சேர்ந்து செய்த தேர்வு இது. தேவசித்தம் என்று பெயர் வைத்துவிட்டால் கேள்வி கேட்கவும் முடியாது.

அந்த வரிசையும் வானத்திலிருந்து இறங்கியதல்ல. 1844-இல் நிறுவனர் ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்டபோது வாரிசு யார் என்று சபை பிளந்தது. 1875-இல் அப்போதைய தலைவர் பிரிகாம் யங் இரண்டு மூத்த அப்போஸ்தலர்களை வரிசையில் பின்னுக்குத் தள்ளினார். அதனால் ஜான் டெய்லர் முன்னால் வந்தார். 1877-இல் யங் இறந்தபின் டெய்லர் முறைப்படி தலைவராக 3 ஆண்டு ஆயிற்று. இறந்த சில நாட்களிலேயே அடுத்தவர் என்ற வழக்கம் 1898-க்குப் பிறகே நிலைத்தது. மனிதர் வகுத்த ஏற்பாட்டை மனிதர் திருத்தலாம் என்பதற்கு அவர்கள் வரலாறே சாட்சி.

இனி என் நெடுநாள் ஆட்சேபத்துக்கு வருகிறேன். இந்த முறையில் உள்ளே வர வழி இருக்கிறது, வெளியே போக வழியில்லை. இதுவரை அந்தச் சபையின் எந்தத் தலைவரும் ஓய்வு பெற்றதில்லை, இறக்கப்பட்டதும் இல்லை. எல்லோரும் இறந்தே பதவி நீங்கினார்கள். 1985-இல் 86 வயதில் தலைவரான எஸ்ரா பென்சன் 1994-இல் இறந்தார். கடைசி ஆண்டுகளில் அவரால் மக்கள்முன் பேச முடியவில்லை. அவர் நிலையை அவருடைய பேரனே 1993-இல் வெளிப்படையாகச் சொன்னார். தாமஸ் மான்சன் அலுவலகக் கூட்டங்களுக்கு வழக்கமாக வருவதில்லை என்று 2017 மே மாதம் சபையே அறிவித்தது. 2018 ஜனவரியில் இறக்கும்வரை அவர்தான் தலைவர். இப்படிப்பட்ட ஆண்டுகளில் சபையை உண்மையில் நடத்தியது யார்? பக்கத்தில் இருந்தவர்கள். அவர்களை அந்த வேலைக்கு யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களைக் கேள்வி கேட்கவும் யாருக்கும் உரிமை இல்லை.

முதுமையை நான் இழிவாகச் சொல்லவில்லை. முதுமைக்கு ஓய்வு தேவை என்பதை அந்தச் சபையே ஒப்புக்கொள்கிறது. 15 பேருக்கு அடுத்த படியில் இருக்கும் எழுபதின்மர் எனும் மூத்த ஊழியர்களை 70 வயதில் கௌரவத்தோடு ஓய்வில் அனுப்புகிறார்கள். அந்த ஏற்பாடு 1978-இல் தொடங்கியது. கீழே 70 வயது உடலுக்கு இரக்கம் காட்டுபவர்கள், மேலே 93 வயது உடல்மேல் உலகச் சபையையே ஏற்றுகிறார்கள். ரோமன் கத்தோலிக்கச் சபைகூட 1970-இல் 80 வயதைக் கடந்த கர்தினால்களுக்குப் போப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நீக்கியது. 2013-இல் பதினாறாம் பெனடிக்ட் தாமாகவே விலகினார். அதனால் விசுவாசம் குலையவில்லை.

வெளியே போக வழியில்லாத இடத்தில் புதியவர் உள்ளே வரும் வழியும் அடைபடும். 1852 முதல் 1978 ஜூன் வரை கறுப்பின ஆண்களுக்கு அந்தச் சபை குருத்துவம் தர மறுத்தது. அமெரிக்காவில் சிவில் உரிமைச் சட்டம் 1964-இல் வந்தபின்பும் 14 ஆண்டு காத்திருக்க வைத்தது. 15 பேரும் ஒருமனப்பட வேண்டும். 15 பேரும் அதே தடையோடு வளர்ந்தவர்கள். அவர்களைக் கீழிருந்து அசைக்க எவர் கையிலும் ஒரு சீட்டு இல்லை. பெண்களுக்கு அந்தக் கதவு இன்றும் மூடியிருக்கிறது. அதே ஜோசப் ஸ்மித்தின் வழியில் வந்த இன்னொரு கிளையைப் பாருங்கள். இன்று கம்யூனிட்டி ஆஃப் கிரைஸ்ட் என்று பெயர். அதன் தலைவர் வாலஸ் ஸ்மித் 1978-இல் ஓய்வு பெற்றார். 1984 ஏப்ரலில், நெல்சன், ஓக்ஸ் பெயர்கள் அறிவிக்கப்பட்ட அதே மாதத்தில், அந்தக் கிளையின் உலக மாநாட்டுப் பிரதிநிதிகள் வாக்களித்துப் பெண்களுக்கு ஊழியத்தைத் திறந்தார்கள். அதனால் சிலர் பிரிந்து போனார்கள், உண்மை. ஆனால் 2025-இல் ஸ்டாஸி கிராம் என்ற பெண் அதன் தலைவரானார். ஒரே வேரில் இரண்டு கிளை. மக்களின் வாக்குக்கு இடம் இருந்த கிளையில் கதவு திறந்தது.

இந்தக் கதவின் அருமை வேறு எவரையும்விட நம் ஆம்பூர்த் தோல் பட்டறைப் பிரதேசத்துக்குத் தெரிய வேண்டும். 1853-இல் தொடங்கிய ஆற்காடு மிஷனின் வழியில் சி.எஸ்.ஐ.க்கு வந்த கிராமச் சபைகளில் பெரும்பாலோர் தலித் குடும்பத்தார். மாதனூர் ஒன்றியத்துக் காலனியில் இருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கும் டேனரிக்கும் வேலைக்குப் போகிறவர்கள். யார் பெரியவர் என்று ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களே முடிவு செய்யும் வரிசை ஒன்று இருந்திருந்தால், இவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு அதில் எந்த இடம் கிடைத்திருக்கும்? தலித் சமூகத்திலிருந்து வந்த எம். அசரியா 1990-களில் சென்னைப் பேராயராக இருந்தார். 2013-இல் நந்தியால் பேராயத்துக்குப் புஷ்பலலிதா வந்தார், சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயர் அவர். பேராய மன்றம் வாக்களித்துப் பெயர்ப்பட்டியல் அனுப்புவதும், சபையின் உச்ச மன்றமான சினாடு அதிலிருந்து ஒருவரைத் தேர்வதும் குறைகள் நிறைந்த முறைதான். அந்தக் குறைகளுக்கு நடுவிலும் கீழிருந்து ஒரு தள்ளு மேலே போய்ச் சேருகிறது. 2021 அக்டோபரில் மாதனூர் ஒன்றியத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. சுழற்சி இட ஒதுக்கீட்டால் ஊராட்சித் தலைவராகும் உரிமை பெற்ற ஒரு தலித் பெண், ஞாயிற்றுக்கிழமை சபைக்குள் நுழைந்ததும் அந்த உரிமையை வாசலில் விட்டுவர வேண்டும் என்கிறார்களா?

சீனியாரிட்டி பேசும் நண்பர்கள் இன்னொன்றையும் மறக்கிறார்கள். நம் சினாட்டைக் கோர்ட்டில் நிறுத்தியது வாக்குச்சீட்டு அல்ல. பேராயர்களின் ஓய்வு வயது 67. அதை 70 ஆக்க 2022 மார்ச்சில் சிறப்புக் கூட்டம் நடத்தித் திருத்தம் கொண்டுவந்தார்கள். பேராய மன்றங்களின் ஒப்புதல் முறையாகப் பெறப்பட்டதா என்ற கேள்வி தீருமுன்பே 2023 ஜனவரியில் கோவையில் சபைத் தலைவரான மாடரேட்டரின் தேர்தலும் நடந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மாடரேட்டர் தேர்வு செல்லாது என்றது. 2024 ஏப்ரலில் தேர்தலை நடத்த இரண்டு ஓய்வுபெற்ற நீதிபதிகளை நியமித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1947-இல் ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் மற்றவரும் ஒன்றாகக் கைகோத்து உருவாக்கிய சபைக்கு இந்த அவமானத்தைத் தேடித் தந்தது நாற்காலியை இன்னும் 3 ஆண்டு நீட்டும் ஆசை. அந்த ஆசையின் முழு வடிவம்தான் ஆயுட்காலப் பதவி. நோய் முற்றிய நிலையையே மருந்தென்று கொடுக்கிறார்கள்.

பணம் புழங்குகிறதே, சாதி பார்த்து அணி கட்டுகிறார்களே என்பார்கள். ஆம், நடக்கிறது, வெட்கக்கேடு. ஆனால் பணம் ஏன் தேர்தலுக்கு வருகிறது? பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், நிலங்கள், நியமனங்கள் எல்லாம் ஒரு சில கைகளில் குவிந்திருப்பதால். தேர்தலை எடுத்துவிட்டால் அந்தக் குவியல் கரையாது. அதைப் பிடித்தவர் கையைவிட்டு எடுக்கவே முடியாமல் போகும். வாக்கு சிறந்த மனிதரைத் தேடித் தரும் என்று நான் சொல்லவில்லை. பல முறை தந்ததில்லை. அதன் பயன் வேறு. நாற்காலியில் இருப்பவர் ஒருநாள் இறங்கியே தீர வேண்டும், இறங்கியபின் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பை அது அவர் மனதில் வைக்கிறது. ஷூ கம்பெனித் தொழிலாளி 58 வயதில் பி.எஃப். கணக்கை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அவருக்குப் பிரசங்கம் செய்கிறவர்களுக்கு மட்டும் முடிவே இல்லாத தவணையா?

மார்மன்களிடம் கற்க விரும்பினால் கீழ்ப்படியில் கற்போம். பாஸ்டரேட் முதல் பேராயம்வரை செயலர், பொருளர் பதவிகளுக்கு 5 ஆண்டுக்கு மேல் தொடர்ச்சி கூடாது. இறங்கியவர் பெஞ்சுக்குத் திரும்பட்டும். பேராயர் ஓய்வு வயது 67 என்பதை எந்தச் சிறப்புக் கூட்டமும் தொடக் கூடாது. தொட்டே ஆக வேண்டும் என்றால், இப்போது பதவியில் இருக்கும் எவருக்கும் அந்த மாற்றம் பொருந்தாது என்று முதலில் எழுதட்டும். தேர்தலுக்கு முன்பே தணிக்கை செய்த கணக்கு ஒவ்வொரு பாஸ்டரேட்டுக்கும் தமிழில் வரட்டும். அடுத்த பேராய மன்றத்துக்குப் போகும் பிரதிநிதிகள் இந்த மூன்றையும் எழுத்தில் கேட்க வேண்டும். வாக்கில் உள்ள குறைகளை வாக்கை வைத்தே திருத்தலாம். வாக்கையே விட்டுக்கொடுத்துவிட்டால், பிறகு எதையும் திருத்தும் அதிகாரம் நமக்கு இருக்காது.