பருவமும் முதிர்ச்சியும்: இரட்சணிய யாத்திரிகம் பற்றிய ஒரு திறனாய்வு

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகத்தைப் போற்றுவோர் பலர். முழுவதும் கற்றோர் சிலர். அதன் சொல்வளம் பாராட்டப்பெறும் அளவிற்கு அதன் இறையியல் ஆராயப்படவில்லை. ஆவிக்குரிய முதிர்ச்சி யாது என்னும் வினாவோடு அந்நூலை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1678இல் வெளிவந்த ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையின் முதற் பகுதி, பெரும் பிரிவுகளின்றிக் கனவாகச் சொல்லப்படுவது. அதைத் தழுவி 1894இல் நூலுருப் பெற்ற கிருஷ்ணபிள்ளையின் காப்பியமோ ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாகப் பகுக்கப்பட்டுள்ளது. பருவம் என்பது பாரதத்தின் பிரிவுப்பெயர்; வளர்ச்சியின் நிலையைக் குறிக்கும் சொல்லும் அதுவே. ஆகவே விசுவாச வாழ்வு ஓர் ஏணி என்றும், ஏறியவன் கீழ்ப்படிகளை விட்டுவிடலாம் என்றும் இந்நூல் போதிப்பதாகக் கருத இடமுண்டு. நம் பிரசங்கங்கள் பலவும் அவ்வாறே போதிக்கின்றன. காப்பியம் இதற்கு இசைகின்றதா?

முதலாவதாக, பருவங்களின் வரிசையை நோக்குவோம். வில்லிபாரதத்தில் ஆரணிய பருவம் பத்தனுள் மூன்றாவது. இங்கோ ஐந்தனுள் நான்காவது. பயணத்தின் முடிவு அண்மித்தபின்னும் கானகம் உண்டு. பனியனும் இதையே கண்டார். சந்தேகக் கோட்டையில் அடைபடுகிறவன் நேற்றுப் புறப்பட்டவன் அல்லன். சிலுவையடியில் பாரம் நீங்கி, மாயச் சந்தையின் துன்பத்தையும் கடந்தவன். எனவே வறட்சியும் ஐயமும் முதிர்ச்சியின்மைக்குச் சான்றாகா. பல்லாண்டு ஊழியத்திற்குப்பின் ஜெபிக்க இயலாது தவிக்கும் போதகரை வீழ்ந்தவர் எனத் தீர்ப்பிடுவோர் இதைச் சிந்திப்பாராக.

இரண்டாவதாக, குமார பருவத்தில் அமைந்த இரட்சணிய சரிதப் படலம். பனியனின் கதையில் சிலுவை சுருக்கமாகவே வருகிறது. கிருஷ்ணபிள்ளையோ கிறிஸ்துவின் பாடுகளை விரித்துப் பாடுகிறார். கதையோட்டத்தை மட்டும் நோக்குவார்க்கு இது வழிவிலகலாகத் தோன்றலாம். ஆனால் காப்பிய இலக்கணம் ஒப்பற்ற தலைவன் ஒருவனை வேண்டுகிறது. தடுமாறி வீழ்ந்து தூக்கி நிறுத்தப்படும் யாத்திரிகன் அத்தலைவன் ஆகான். அவ்விடத்தைக் கிறிஸ்துவுக்கே அளித்ததனால் புலவர் இலக்கணத்தையும் காத்தார், நற்செய்தியையும் காத்தார். முதிர்ந்த கிறிஸ்தவன் தன் கதைக்குத் தானே தலைவன் அல்லன். 1858இல் திருமுழுக்குப் பெற்றவர், 36 ஆண்டுகளுக்குப்பின் வெளியிட்ட தம் பெருநூலிலும் சிலுவையைக் கடந்து செல்லவில்லை.

மூல உபதேசங்களை விட்டுப் பூரணத்திற்குக் கடந்துபோகும்படி எபிரெயர் 6:1 கூறுகிறதே எனலாம். அங்கு எண்ணப்படுபவை மனந்திரும்புதல், விசுவாசம், ஸ்நானங்கள், கைகளை வைத்தல், உயிர்த்தெழுதல், நியாயத்தீர்ப்பு என்பன. சிலுவை அப்பட்டியலில் இல்லை. மாறாக, 7 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களில் ஆசிரியர் பரிமாறும் பலமான ஆகாரம் கிறிஸ்துவின் ஆசாரியத்துவமும் பலியுமே. முதிர்ச்சி என்பது சிலுவையை விட்டு அப்பால் செல்வதன்று. அதனுள் ஆழ்ந்து செல்வதாம்.

இனி, நூலின் குறையையும் சொல்லுதல் வேண்டும். புலவர் தழுவியது முதற் பகுதியின் கதையை. வீட்டைத் துறந்து புறப்படும் தனியொருவனின் பயணம் அது. 1684இல் பனியன் வெளியிட்ட இரண்டாம் பகுதியிலோ மனைவியும் மக்களும் அயலாளும், ஊன்றுகோலில் நடப்பவனும்கூட ஒரு கூட்டமாகச் செல்கின்றனர். அக்கூட்டம் நம் காப்பியத்தில் இடம்பெறாதது இழப்பே. எபேசியர் 4:13இல் நாமெல்லாரும் சேர்ந்து அடைவது ஒரே பூரண மனிதன் என்னும் நிலை. கிரேக்க மூலத்தில் அச்சொல் ஒருமை. "பூரண புருஷர்" என்னும் தமிழாக்கத்தில் அவ்வொருமை தெளிவாகப் புலப்படுவதில்லை. தனித்து முதிர்தல் என்பதொன்று பவுலுக்குத் தெரியாது.

முதற் பகுதியின் இறுதியில் பனியனும் இதைக் குறிப்பாய்க் காட்டுகிறார். மரண ஆற்றில் அமிழ்பவன் நெடுந்தூரம் நடந்த கிறிஸ்தவனே. அவன் தலையை நீருக்குமேல் தாங்குபவன், பாதிவழியில் சேர்ந்த நம்பிக்கை என்னும் தோழன். மூத்தவனை இளையவன் தாங்குகிறான். சபையில் ஆண்டுகளை எண்ணி முதிர்ச்சியை அளக்கும் நமக்கு இது கடிந்துரையாகும்.

முதிர்ந்தோரைத் தமிழ் வேதாகமம் "தேறினவர்கள்" என்கிறது. தேர்வில் தேறியோரையும் நாம் அச்சொல்லாலேயே குறிக்கிறோம். ஆனால் பிலிப்பியர் 3:12இல் தாம் முற்றும் தேறவில்லை என்னும் பவுல், 3:15இல் தேறினவர்களோடு தம்மையும் சேர்த்துப் பேசுகிறார். தேறவில்லை என்று அறிந்திருப்பதே தேறினவரின் அடையாளம். தேறுதல் என்பதற்கு ஆறுதல் என்றும் பொருளுண்டு. தேற்றரவாளன் என்னும் திருப்பெயரும் அவ்வேரிற் பிறந்ததே. தேற்றப்படுகிறவரே தேறுகிறார். இறையியற் கல்லூரியினின்று தேறி வெளிவருவோர் இப்பொருளையும் உடன்கொண்டு செல்வாராக.