சாம்பியன் அணிக்கு ஊர் எது?

2019 மார்ச் 9, சனிக்கிழமை மாலை. கோவை நேரு ஸ்டேடியத்தில் ஐ-லீக் கால்பந்தின் கடைசி நாள் ஆட்டம். மூன்றாவது நிமிடத்திலேயே சென்னை சிட்டிக்கு எதிராக மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. சென்னை சிட்டி சறுக்கினால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். நான் ஆவடிக்குப் பக்கத்து வெள்ளானூரில், வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தேன். இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர், அன்றைக்கு இரண்டு கோல் அடித்தார். 3-1. ஈஸ்ட் பெங்காலும் தன் ஆட்டத்தை வென்றது, ஆனாலும் பட்டியலில் சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, அவர்களுக்கு 42. ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டு அணி அதுதான்.

மூன்று ஆண்டு முடியவில்லை. 2021-22 சீசன் தொடங்கியபோது அந்த லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை.

இந்த வீழ்ச்சிக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் கால்பந்து பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் உடனே ஒரு பதிலைச் சொல்வார்கள்: கதவைச் சாத்திவிட்டார்கள். நானும் நெடுநாள் அதைத்தான் சொல்லிவந்தேன். அந்தப் பதிலை முதலில் நேர்மையாக எடைபோட வேண்டும், ஏனென்றால் அதில் உண்மை நிறைய இருக்கிறது.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கிய பிறகு இந்தியக் கால்பந்தில் இரண்டு லீக்குகள் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. ஐ-லீக்கில் முதலிடம் பிடித்தாலும் ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைய வழி கிடையாது. 2019 அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு ஒரு பாதை வகுக்கப்பட்டது. அதன்படியும், ஆட்டத்தில் வென்று மேலே போகும் உரிமை 2022-23 சீசனின் சாம்பியனிலிருந்துதான் தொடங்கியது. சென்னை சிட்டி வென்ற ஆண்டு வீணானது. அணி தரத்தில் குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. கோப்பை வென்ற அடுத்த மாதம் புவனேசுவரத்தில் நடந்த சூப்பர் கோப்பையில் அந்த ஆண்டின் ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூரு எஃப்.சி.யையே 2-1 என்று வெளியேற்றியது. சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சொல்லிக்கொடுத்த ஆட்டம் பார்க்கவே அழகு: பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடாமல், காலடியில் வைத்துக் கடத்திக் கடத்தி முன்னேறும் ஆட்டம். மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ என்று ஸ்பெயின்காரர்கள் நடுக்களத்தை ஆண்டார்கள். முந்தைய இரண்டு சீசனிலும் எட்டாம் இடத்தில் முடித்த அணி இது என்று நம்பவே முடியாது.

ஆக, அநீதி நடந்தது உண்மை. ஆனால் அந்த அநீதிதான் கிளப்பைக் கொன்றதா? அங்கேதான் எனக்கு இடறுகிறது. அதே கதவு ஐசால் எஃப்.சி.க்கும் சாத்தியிருந்தது. மிசோரமின் அந்த அணி 2016-17-ல் மோகன் பகானையும் ஈஸ்ட் பெங்காலையும் பின்னுக்குத் தள்ளி ஐ-லீக்கை வென்றது. அதற்கும் ஐ.எஸ்.எல்.லில் இடம் கிடைக்கவில்லை. அடுத்து வென்ற மினர்வா பஞ்சாப் 2020-ல் கைமாறியது, பெயர் மாறியது, பொறுத்திருந்து 2022-23-ல் மறுபடி வென்று முறைப்படி மேலே போனது. கோகுலம் கேரளா 2020-21, 2021-22 என்று தொடர்ந்து இரண்டு முறை வென்றும் மேலே போக முடியவில்லை, ஆனாலும் ஆட்டத்தை விடவில்லை. எல்லோரும் முட்டியது ஒரே கதவில். முட்டியவர்களில் காணாமல் போனது சென்னை சிட்டி மட்டும். அப்படியென்றால் நோய் கதவில் மட்டும் இல்லை, உடம்பிலும் இருந்திருக்கிறது.

பணமா? அதையும் பார்க்கலாம். கிளப் ஒரு தனி உரிமையாளரின் கையில் இருந்தது. 2019-ல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ஐரோப்பியக் கிளப் ஒன்று தமிழ்நாட்டு அணியில் முதலீடு செய்கிறது என்று அப்போது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி! ஆனால் சாம்பியன் பட்டம் வென்ற ஒரு வருடத்துக்குள்ளேயே மான்சி ஜப்பானுக்குப் போய்விட்டார். எட்வின் சிட்னி வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். ஆட்டக்காரர்கள் போவது தவறில்லை, சின்ன கிளப் எதுவும் அவர்களைக் கட்டிவைக்க முடியாது. கேள்வி என்னவென்றால், போனவர்களின் இடத்தில் யார் வந்தார்கள், வந்தவர்களை யார் பார்க்க வந்தார்கள் என்பதுதான்.

இங்கே பிரான்சின் கேன்காம் ஊரைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனி பகுதியில் ஏழாயிரம் பேர் வாழும் ஊர். ஆவடி மாநகராட்சியோடு ஒப்பிட்டால் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. 1912-ல் தொடங்கிய அவர்கள் கிளப்பின் பெயரே ‘முன்னே போ, கேன்காம்’ என்ற பொருள் தருவது. ஊரின் மக்கள்தொகையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள் உட்காரும் ஸ்டேடியம். 2009-ல் இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டே பிரெஞ்சுக் கோப்பையின் இறுதியாட்டத்தில் அதே பிரிட்டனியின் பெரிய கிளப் ரென்னை 2-1 என்று வென்றது. 2014-ல் அதே ரென்னை மறுபடி 2-0. திதியே ட்ரோக்பா பெரிய ஆளாகும் முன் ஆடிய கிளப் இது. கிளப்பின் தலைவராகப் பல ஆண்டு இருந்த நோயல் லெ கிராயெட்தான் 1995 முதல் 2008 வரை ஊரின் மேயரும். கிளப் நஷ்டப்பட்டால் யார் வீட்டு வாசலில் போய்க் கேட்பது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

2019-ல், நம் சென்னை சிட்டி கோப்பையைத் தூக்கிய அதே வசந்தத்தில், கேன்காம் முதல் டிவிஷனில் கடைசி இடம் பிடித்துக் கீழே இறங்கியது. இறங்கியது, அழியவில்லை. இன்றும் ஆடுகிறது.

சின்ன ஊர்ப் பாசம் இருந்தால் போதும் என்று நான் சொல்லவரவில்லை. கலே நகரக் கிளப் 2000-ல் நான்காம் டிவிஷன் அமெச்சூர்களை வைத்துக்கொண்டே பிரெஞ்சுக் கோப்பையின் இறுதியாட்டம் வரை போனது. கடைசி நிமிடப் பெனால்டியில் நாந்த் அணியிடம் 2-1 என்று தோற்றபோது நாடே அவர்களுக்காக வருந்தியது. 2017-ல் அந்தக் கிளப் திவாலாகி மூடப்பட்டது. கணக்குப் புத்தகம் சரியில்லாவிட்டால் பாசம் காப்பாற்றாது. ஆனால் கலேயில் ஒரு ஊர் அழுதது. சென்னை சிட்டி மறைந்தபோது எந்த ஊர் அழுதது?

இதுதான் என் வாதத்தின் மையம். 2017 சீசனில் அந்த அணி சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஆடியது. வெள்ளானூரிலிருந்து பஸ்ஸில் ஆவடி, ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் மூர்மார்க்கெட் நிலையம், இறங்கினால் நடக்கிற தூரத்தில் பெரியமேடு. பள்ளி விட்டுவந்த பையன் ஒருவன் போய்ப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அடுத்த சீசனிலேயே அணி கோவைக்குப் போய்விட்டது. பெயரில் சென்னை அப்படியே இருந்தது. எங்களுக்கு ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு அணி. கோவைக்காரர்களுக்கோ, கண்ணெதிரே ஆடும் அணியின் சட்டையில் வேறு ஊர். அவர்கள் வந்தார்கள், மனதாரக் கத்தினார்கள், அதைக் குறைத்துச் சொல்வது பாவம். தங்கள் ஊர்ப் பெயர் இல்லாத அணிக்கே அப்படி ஆர்ப்பரித்தவர்களுக்குச் சொந்தப் பெயரைக் கொடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் தோன்றுகிறது. ஆசியக் கிளப்புகளுக்கான ஏ.எஃப்.சி. கோப்பைக்கு வந்தபோது இன்னும் மோசம். 2020 மார்ச் 11 அன்று மாலத்தீவின் மசியாவோடு 2-2 என்று முடிந்த ‘சொந்த மண்’ ஆட்டம் நடந்தது ஆமதாபாத்தில்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. இந்தக் கிளப் நம் பையன்களுக்கு வாசலைத் திறந்துவிட்டது. கன்னியாகுமரிக் கடற்கரையின் இரையுமன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் 2017-18-ல் இங்கே ஆடித்தான் ஜாம்ஷெட்பூர் போனார். நந்தகுமார் சேகர் 2017-ல் சென்னை சிட்டிக்கு ஆடியவர். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றி கோலை அடித்தவரும் அவரே. இந்தக் கணக்கில் சென்னை சிட்டிக்கு முழு மதிப்பெண் போடுகிறேன். அதற்கு முன் தமிழ்நாட்டுக் கால்பந்தை இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். போன்ற அலுவலக அணிகள்தான் தாங்கிவந்தன. அவை நல்ல ஆட்டக்காரனுக்கு வேலையும் சம்பளமும் கொடுத்தன. ஊருக்கு ஒரு கிளப்பைக் கொடுக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் வாய்ப்பு சென்னை சிட்டிக்கு வாய்த்தது. வாய்த்தும் அது ஆட்களை ஏற்றி அனுப்பும் நிலையமாகவே நின்றுவிட்டது.

ஆகவே என் தீர்ப்பு இது. லீக்கை நடத்தியவர்கள் செய்தது அநீதி. சென்னை சிட்டியின் வாழ்நாளை அது குறைத்தது, அதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் சாவுக்குக் காரணம் அதுவல்ல. எந்த ஊருக்கும் தன்னை ஒப்புக்கொடுக்காத கிளப்புக்கு, கஷ்ட காலத்தில் கைகொடுக்க எந்த ஊரும் கடமைப்படவில்லை. 2018-19 அணி, தமிழ்நாடு பார்த்த மிகச் சிறந்த கிளப் அணிகளில் ஒன்று. அதைச் சுற்றி ஒரு கிளப் கட்டப்படவே இல்லை.

எங்கள் ஊர்ப் பையன்கள் மாலையில் மெஸ்ஸி, ரொனால்டோ ஜெர்சியில் ஆடுகிறார்கள். நாளைக்கு யாராவது தமிழ்நாட்டில் புதிதாக ஒரு கிளப் தொடங்குவதாக அறிவித்தால், வெளிநாட்டு ஆட்டக்காரர் யார், முதலீடு எவ்வளவு என்று கேட்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: எந்த மைதானத்தில் பத்து ஆண்டு ஆடுவீர்கள், அந்த ஊர்ப் பெயரைச் சட்டையில் போடுவீர்களா, அங்கே பதிமூன்று வயதுப் பையனுக்கு அணி வைப்பீர்களா? பதில் கிடைத்த பிறகு டிக்கெட் வாங்குங்கள்.